வாசகர் கேள்வி – பதில்: வீடு முழுவதற்கும் ஒரு கோட்லெஸ் தொலைபேசி

வீட்டுத் தொலைபேசி தொடர்பாகக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இவ்விதழில் பதிலளிக்கிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: கனடாவிலுள்ள மூத்த மகன் இம்முறை வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது ஐந்து ரிசீவர்கள் கொண்ட கோட்லெஸ் தொலைபேசித் தொகுதியொன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். பெட்டியில் ‘டெக்ட் 6.0’ என்றும், பன்னிரண்டு ரிசீவர்கள் வரை கூட்டிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறதாம். இங்கே அது வேலை செய்யுமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: வேலை செய்யும் அம்மா; சிக்கலே அதில்தான் இருக்கிறது. வயரைச் செருகியதும் டயல் ஒலி கேட்கும், ஐந்து ரிசீவர்களும் மணியடிக்கும், வீட்டுக்குள் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே மகனிடம் சொல்லிவிடுங்கள்.

‘டெக்ட்’ என்பது ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட கம்பியில்லாத் தொலைபேசித் தரம். அதன் இயல்பான அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹேட்ஸ் வரையானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த இடம் வேறு சேவைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், அங்கே 1920 முதல் 1930 மெகாஹேட்ஸ் வரையான துண்டொன்றை ஒதுக்கி, அதில் இயங்கும் கருவிகளுக்கு ‘டெக்ட் 6.0’ என்று வியாபாரப் பெயர் சூட்டினார்கள். ஆறாவது தலைமுறை என்றோ, மற்றதைவிட உயர்ந்தது என்றோ அதற்குப் பொருள் கிடையாது. இலங்கையில் 1920 இலிருந்து 1980 மெகாஹேட்ஸ் வரையான பகுதி, கைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் பாதையாகப் பயன்படுகிறது. உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும் கனடாப் பெட்டி இரவும் பகலும் அந்தப் பாதையில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால், அருகிலுள்ள கோபுரத்தின் காதில் அந்த இரைச்சலும் விழும். அயலவரின் கைபேசி அழைப்பு ஏன் அடிக்கடி அறுகிறது என்று ஒருவருக்கும் விளங்காது. நீங்கள்தான் காரணம் என்று உங்களுக்கும் தெரியவராது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இத்தகைய கருவிகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு உண்டு என்பதையும் மகனுக்குச் சொல்லிவையுங்கள்.

மின்சாரமும் இன்னொரு தடை. அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட், இங்குள்ளது 230 வோல்ட். ஐந்து ரிசீவர்கள் உள்ள தொகுதியில் பேஸ் எனப்படும் தலைமைப் பெட்டிக்கு ஒன்று, ஏனைய நான்கு சார்ஜர் தாங்கிகளுக்கு ஒவ்வொன்று என ஐந்து அடப்டர்கள் இருக்கும். அவற்றின் முதுகில் ‘100–240’ என்று அச்சிடப்படாமல் வெறுமனே ‘120’ என்று மட்டும் இருந்தால், இங்கே செருகியவுடன் எரிந்துபோகும். இவற்றையெல்லாம் சமாளித்தாலும், ஒரு ரிசீவர் பழுதடையும் நாளில் அதே வகையை வவுனியாவிலும் வாங்க முடியாது, கொழும்பிலும் வாங்க முடியாது.

பரிசாகத்தான் வரவேண்டுமென்றால் இலண்டன், பாரிஸ், ஜேர்மனி, சுவிஸ் ஆகிய இடங்களிலுள்ள சொந்தக்காரரிடம் கேளுங்கள். அங்கு விற்கப்படும் தொகுதிகள் 1880–1900 மெகாஹேட்ஸில் இயங்குபவை; மின்சாரமும் நம்முடையதைப் போன்றதே. பெட்டியின் அடியிலுள்ள சீட்டில் அந்த இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். தொலைபேசி வயரின் சுவர்ப் பக்க முனை மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்குள்ள சாதாரண வயரொன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பிரித்தானியாவிலிருந்து வரும் சில கருவிகளில் வயரின் நடுக் கம்பிகளுக்குப் பதிலாக வெளிக் கம்பிகள் பயன்படுவதுண்டு. அப்படியானவற்றில் நம்முடைய வயரைச் செருகினால் டயல் ஒலி வராது. கருவி பழுதென்று முடிவு கட்டாமல், லைன் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கம்பியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ரிசீவர் உள்ள தொகுதியை வாங்கினால் பிறகு நான்காக ஆக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அதற்கு ஒவ்வோர் அறைக்கும் தொலைபேசி வயர் இழுக்க வேண்டுமா? வேறு கம்பனி ரிசீவரையும் சேர்க்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வயர் இழுக்கத் தேவையில்லை, இத்தொகுதிகளின் பெரிய வசதியே அதுதான். தொலைபேசி இணைப்பு பேஸ் என்ற ஒரே பெட்டிக்கு மட்டும் வந்தால் போதும். மற்ற ரிசீவர்களுக்குச் சார்ஜர் தாங்கியும் அதற்கு ஒரு மின் செருகியும் இருந்தால் சரி. ஆகவே கடையில் ரிசீவரின் அழகைப் பார்த்து மயங்காமல், பேஸ் எத்தனை ரிசீவர்களை ஏற்கும் என்று கேளுங்கள். வீட்டுப் பாவனைக்கான பனசொனிக், கிகாசெட் போன்ற தொகுதிகளில் அது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரை இருக்கும். சில மலிவான தொகுதிகளில் பெட்டியில் வந்ததற்கு மேல் ஒன்றையும் சேர்க்க முடியாது.

வேறு கம்பனி ரிசீவரைச் சேர்ப்பதற்கென்றே ‘கப்’ (GAP) என்ற பொது ஒழுங்கு டெக்ட் தரத்தில் உண்டு; இரு கருவிகளிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அந்த மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேஸிலுள்ள பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, புதிய ரிசீவரின் மெனுவில் பதிவுசெய்யும் பகுதிக்குப் போய், கேட்கப்படும் இரகசிய இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். நீங்கள் மாற்றாதவரை அது பெரும்பாலும் 0000 ஆகவே இருக்கும். அழைக்கலாம், பேசலாம். ஆனால் பெயர்ப் பட்டியலைப் பகிர்வது, பதிவான குரற்செய்தியை ரிசீவரிலேயே கேட்பது போன்ற மேலதிக வசதிகள் கம்பனி மாறும்போது கைவிட்டுப்போகும். எனவே அதே கம்பனியின் அதே வரிசையில் வாங்குவதே நல்லது. அந்த மாதிரி சந்தையிலிருந்து மறைவதற்கு முன், அடுத்த ஆண்டுக்குத் தேவைப்படும் என்று நினைக்கும் ரிசீவரை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரிசீவர் ஆறானாலும் தொலைபேசி லைன் ஒன்றுதான். நீங்கள் கொழும்புக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது மகள் வேறு ரிசீவரில் யாழ்ப்பாணத்துக்கு அழைக்க முடியாது. ஒரு ரிசீவரிலிருந்து மற்றதற்கு வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் வளவு பெரியது. வீட்டுக்குப் பின்னால் கிணறு, அதற்கப்பால் நெல்லுக் களஞ்சியம், கடைசியில் மாட்டுக்கொட்டில். பெட்டியில் 300 மீற்றர் என்று போட்டிருக்கிறது. கிணற்றடிக்குப் போவதற்குள்ளேயே குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? ஐந்து கிலோமீற்றர் எட்டும் தொலைபேசி கொழும்பில் கிடைப்பதாகவும் ஒருவர் சொன்னார்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பெட்டியில் எழுதியது பொய்யல்ல, ஆனால் அது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒன்றுமில்லாத வயல் வெளியில் பேஸை ஒரு கம்பத்தில் வைத்துவிட்டு நடந்தால் 300 மீற்றர் வரலாம். கட்டடத்துக்குள் 50 மீற்றர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு, அதுவும் சுவர்களைப் பொறுத்தது.

நம் பகுதி வீடுகளில் இந்த அலைகளுக்கு முதல் எதிரி தகரம். சீமெந்துக் கல் சுவர் அலையை ஓரளவு மெலியச் செய்யும். தகரமோ முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும். தகரக் கூரை தலைக்கு மேல் இருப்பதால் பெரிய கேடில்லை. ஆனால் பின்பக்கம் தகரத்தால் அடைத்த குசினியோ, மீள்குடியேறிய காலத்தில் போட்ட தற்காலிகக் கொட்டிலோ பேஸுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றால், அதன் நிழலில் ரிசீவர் செவிடாகிவிடும். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, நெருக்கமான கிறில், தண்ணீர் நிறைந்த தாங்கி ஆகியவையும் அப்படியே. கிடுகு வேலி, பனையோலைத் தட்டி, மரப்பலகைக் கதவு ஆகியவை அவ்வளவாகத் தடுக்காது.

உங்கள் பேஸ் எங்கே இருக்கிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளைப் போல, தொலைபேசி லைன் உள்ளே வரும் முன்விறாந்தையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஒரு தட்டின் கீழ் அடுக்கில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அங்கிருந்து எடுத்து, பின்பக்க அறையின் யன்னலோரம், ஆளுயரத்துக்கு மேல் ஒரு தட்டடித்து வைத்துப் பாருங்கள். தொலைபேசி வயரைப் பத்துப் பதினைந்து மீற்றர் நீட்டுவது மலிவான வேலை, அதனால் குரலின் தரமும் குறையாது. பிறகு ஒருவரை வீட்டிலிருக்கும் ரிசீவரில் பேசவிட்டு, நீங்கள் மற்ற ரிசீவருடன் கிணற்றடி, களஞ்சியம், கொட்டில் என்று மெதுவாக நடந்து போங்கள். குரல் கரகரக்காது, டிஜிட்டல் என்பதால் சொற்களின் நடுப்பகுதி விழுங்கப்பட்டதுபோல் கேட்கும், அல்லது எல்லை தாண்டுவதைச் சொல்லும் ‘பீப்’ ஒலி வரும். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பேஸை இன்னொரு யன்னலுக்கு மாற்றியபின் கல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தால், எங்கே நிரந்தரமாக வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் மாட்டுக்கொட்டில் எட்டாவிட்டால் ‘ரிப்பீற்றர்’ எனப்படும் இடைநிலைக் கருவி உண்டு. பேஸின் அலை இன்னும் நன்றாக எட்டும் இடத்தில் அதை வைக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், உங்கள் பேஸுடன் பொருந்தும் என்று அதே கம்பனி சொல்லும் மாதிரியாகவும் இருக்க வேண்டும். எட்டாத இடத்தில் வைத்தால் அதனாலும் பயனில்லை. உங்கள் விடயத்தில் களஞ்சியத்தின் வீட்டுப் பக்கச் சுவரே பொருத்தமான இடமாகத் தெரிகிறது. ரிப்பீற்றர் தூரத்தைத்தான் கூட்டும். ரிசீவர்களின் எண்ணிக்கையைக் கூட்டாது.

ஐந்து கிலோமீற்றர் கதையை விட்டுவிடுங்கள். டெக்ட் கருவி ஒன்றின் உச்ச வலு 250 மில்லிவாட்தான். அதைக் கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் பேச முடியாது. அவ்வளவு தூரம் எட்டுவதாகச் சொல்லி விற்கப்படுபவை வேறு அலைவரிசையில் மிகக் கூடிய வலுவுடன் ஒலிபரப்புபவை. அனுமதியில்லாமல் அவற்றைப் பாவிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். வயலுக்குக் கைபேசியைக் கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மா தனியாக இருக்கிறார். முன்பு கரண்ட் போனாலும் தொலைபேசி வேலை செய்தது. இப்போது ஃபைபர் இணைப்பும் கோட்லெஸ் தொலைபேசியும் வந்தபின், மின்சாரம் நின்றால் வீடே ஊமையாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பழைய செப்புக் கம்பி லைனில், தொலைபேசி நிலையத்தின் பற்றரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. மேசைத் தொலைபேசிக்கு அதுவே போதும். கண்ணாடி இழை ஒளியைக் கடத்துமேயன்றி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இப்போது உங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள் மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்கின்றன: ஃபைபர் ரவுட்டர் ஒன்று, கோட்லெஸ் பேஸ் மற்றொன்று. ரிசீவருக்குள் பற்றரி நிறைந்திருந்தாலும் பேஸ் அணைந்துவிட்டால் அது யாரிடமும் பேச முடியாது.

2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் பெட்டிகள் கடைகளுக்கு வந்து குவிந்தன, இப்போதும் கிடைக்கின்றன. அதில் ஒன்றை ரவுட்டருக்குப் போடுங்கள். பேஸுக்கும் அதிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்பார்கள், எல்லாவற்றிலும் முடியாது. ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட் கேட்கும், பேஸின் அடப்டரோ அதில் பாதியளவுதான் தரும். முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட்டைப் பேஸில் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

நான் பரிந்துரைப்பது இதைவிட எளிதானது. சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் இரட்டைச் செருகி ஒன்றை ரவுட்டரின் தொலைபேசித் துளையில் போட்டு, ஒன்றில் கோட்லெஸ் பேஸையும் மற்றதில் வயருள்ள சாதாரண மேசைத் தொலைபேசி ஒன்றையும் இணையுங்கள். மேசைத் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தை ரவுட்டரே கொடுத்துவிடும். ரவுட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும்வரை அம்மாவால் அந்தத் தொலைபேசியில் பேச முடியும். அதை அவர் படுக்கும் அறையில், கட்டிலில் இருந்தபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள். அம்புலன்சுக்கான 1990, பொலிசுக்கான 119 ஆகிய இலக்கங்களைப் பெரிதாக எழுதிப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பனசொனிக்கின் சில மாதிரிகளில் மின்சாரம் போனதும் ஒரு ரிசீவரைப் பேஸ் மேல் வைத்தால், அந்த ரிசீவரின் பற்றரியே பேஸை இயக்கும், மற்றொரு ரிசீவரில் பேசலாம். உங்களுடையது அத்தகையதா என்று வழிகாட்டிப் புத்தகத்தில் பாருங்கள். இருந்தாலும் இருட்டில் முதியவர் ஒருவர் இரண்டு ரிசீவர்களைத் தேடிக் கையாள்வார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: ரிசீவரின் பற்றரி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கடையில் வாங்கிய புதிய பற்றரி இரண்டைப் போட்டேன், அவை கசிந்துவிட்டன.
– வாசகர், மல்லாவி

பதில்: நீங்கள் போட்டவை சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பற்றரிகள். அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது; ஏற்றினால் கசியும், சில வேளை வெடிக்கவும் செய்யும். ரிசீவருக்குத் தேவை 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை, பெரும்பாலும் மெல்லிய ஏஏஏ அளவு. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள். அதே பருமனில் 3.7 வோல்ட் லித்தியம் பற்றரிகளும் விற்கப்படுகின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம். கசிந்த பொருள் பட்ட உலோக முனைகளைப் பழைய பல்துலக்கியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் தொலைபேசிக் கம்பியே இல்லை. கைபேசிச் சிக்னலும் முன்யன்னலில் மட்டும்தான். கைபேசிக்கு வரும் அழைப்பை வீடு முழுவதும் கேட்க வழியுண்டா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: உண்டு. புளூடூத் மூலம் கைபேசியைப் பேஸுடன் இணைக்கும் கோட்லெஸ் தொகுதிகள் இருக்கின்றன. கைபேசியை யன்னலோரம் விட்டுவிட்டு, பேஸை அதிலிருந்து பத்து மீற்றருக்குள் வைத்தால், எல்லா ரிசீவர்களும் மணியடிக்கும். ஆனால் இவ்வகைகள் வட அமெரிக்கச் சந்தையிலேயே அதிகம் என்பதால், முள்ளியவளை வாசகிக்குச் சொன்ன அலைவரிசைச் சிக்கல் இங்கும் வரும். 1880–1900 என்று அச்சிட்ட மாதிரி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

கம்பியில்லாத ஊர்களுக்கு 4ஜி வீட்டு இணைப்பு இதைவிடப் பொருத்தம். தொலைபேசித் துளையுள்ள ரவுட்டரைக் கேட்டு வாங்கி, சிக்னல் உள்ள அதே யன்னலில் வைத்து, கோட்லெஸ் பேஸை அந்தத் துளையில் செருகிவிடலாம். வயது போனவர்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று கத்த வேண்டியதில்லை. டெக்ட் அலை வைஃபையின் 2.4 கிகாஹேட்ஸ் அலையிலிருந்து விலகி இருப்பதால், இரண்டும் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று குழப்பாது.

கேள்வி: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பேஸிலிருந்து வரும் கதிர்வீச்சு ஆபத்தா?
– வாசகி, பூநகரி

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் வானொலி அலைகளை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளவை’ என்ற பிரிவில் வைத்தது. உறுதியான சான்றில்லை, ஐயமும் முற்றாக நீங்கவில்லை என்பதே அந்தப் பிரிவின் நிலை. ஒருவர் பேசும்போது டெக்ட் ரிசீவரின் சராசரி வலு சுமார் 10 மில்லிவாட். சிக்னல் குறைந்த இடத்தில் கைபேசி இதைவிடப் பல மடங்கு வலுவுடன் இயங்கும். தொட்டிலுக்கு அருகில் பேஸை வைக்காதீர்கள், மெனுவில் அலையின் வலுவைக் குறைக்கும் ‘ஈக்கோ’ என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: சித்திரை மாத மின்னலில் அயல்வீட்டுத் தொலைபேசி கருகிவிட்டது. அடப்டரைக் கழற்றி வைத்தும் எப்படி எரிந்தது?
– வாசகர், துணுக்காய்

பதில்: அடப்டரை மட்டும் கழற்றியிருப்பார்கள், தொலைபேசி வயரை அப்படியே விட்டிருப்பார்கள். செப்புக் கம்பி லைன் உள்ள வீடுகளில், கம்பங்களில் வெகுதூரம் ஓடிவரும் அந்தக் கம்பியே மின்னலின் அதிர்ச்சியை உள்ளே கொண்டு வரும். இடி முழங்கத் தொடங்குவதற்கு முன் பேஸின் பின்புறத்திலுள்ள இரண்டு வயர்களையும் கழற்ற வேண்டும். ஃபைபர் வீடுகளில் இழை வழியாக மின்னல் வராது என்றாலும் மின்சார வழியாக வரும். ஆகவே அங்கு ரவுட்டர், பேஸ் இரண்டின் அடப்டர்களையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்கான தடுப்புச் செருகி வாங்குவதென்றால் தொலைபேசி வயருக்கும் துளையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நிலக்கம்பி சரியாகப் போடப்படாத வீட்டில் அதனால் பெரிய பயன் கிடைக்காது, முதலில் மின்னிணைப்பாளரைக் கொண்டு அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். வயர்களைக் கழற்றியிருக்கும் நேரத்தில் ரிசீவரைத் தாங்கியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிடலாம். பற்றரி நல்ல நிலையில் இருந்தால் மழை விட்டபின்னும் சார்ஜ் போதியளவு இருக்கும்.